கரையேறிய பிறகு: தரங்கை மிஷனின் வேதபாடம்

திருச்சபையின் விழா மலர்களில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. எந்த ஆண்டில் எந்த மிஷனெரி வந்தார், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், எங்கெங்கே ஆலயம் எழுந்தது என்று ஒரு கணக்கு வரும். கூடவே ஆயர்களின் படங்களும் நன்றியுரையும் இருக்கும். அந்தக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இயேசுவின் கதையை எழுதிய விதம் வேறு. யோர்தானில் அவர் ஞானஸ்நானம் பெற்றதைச் சொன்ன பிறகு, விழாக் கொண்டாட்டம் எதுவுமில்லாமல், வனாந்தரத்துக்குக் கதையைக் கொண்டுபோகிறார்கள். வானம் திறந்தது, குமாரன் என்று குரல் கேட்டது. அதன் பின் நாற்பது நாள் பசி. அதற்கும் பிறகுதான் கலிலேயாக் கடலோரத்தில் வலைவீசிக்கொண்டிருந்தவர்களை அவர் அழைக்கிறார். முதலில் தண்ணீர், அடுத்து சோதனை, அதன் பின்னரே சீஷர்கள். எங்கள் தரங்கை மிஷனின் வரலாற்றை இந்த வரிசையில் வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். பதிவேட்டுக் கணக்கு சொல்லாத சில செய்திகள் அப்போதுதான் கண்ணில் படுகின்றன.

1706 ஜூலை 9ஆம் தேதி பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும், தரங்கை என்று நாங்கள் சொல்லும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய ஜெர்மானியர்கள். ஹாலே நகரில் இறையியலாளர் பிராங்கேயின் பக்தி மரபில் படித்தவர்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் டேனியர்கள் அங்கே கோட்டை கட்டி வாணிபம் செய்துகொண்டிருந்தார்கள். மிளகும் துணியும் வாங்க வந்தவர்களுக்கு மிஷனெரிகளின் வருகை தொந்தரவாகவே பட்டது. ஆளுநர் ஹாசியுஸ் இருவரையும் வேண்டா வெறுப்பாகவே ஏற்றார்.

சீகன்பால்கு முதலில் செய்தது பிரசங்கம் அல்ல, படிப்பு. திண்ணைப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பிறகு காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை ஒரு புலவரையும் ஓர் எழுத்தரையும் அருகில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களையே வாசித்தார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய ஓலைச்சுவடிகளுக்கு ஓர் அட்டவணை எழுதினார். தமிழ் நூல்கள் மட்டும் 119 அதில் உண்டு. வேதம் கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்த இந்தக் காட்சியை எங்கள் ஞாயிறு பள்ளிகளில் இன்னும் அதிகம் சொல்ல வேண்டும். சீஷன் என்பவன் கற்றுக்கொள்பவன்தானே.

முதல் ஞானஸ்நானம் 1707 மே மாதம் நடந்தது. டேனியர் தங்கள் வழிபாட்டுக்கென 1701இல் கட்டிய சீயோன் ஆலயத்தில் ஐந்து பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். ஐவரும் அடிமைகள், அந்த ஊர் ஐரோப்பியர் வீடுகளில் வேலைசெய்தவர்கள். விழா மேடைகளில் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். எனக்கு இந்த இடத்தில் சற்று நிற்கத் தோன்றுகிறது. லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் யோவானிடம் வந்து வரிசையில் நிற்பவர்கள் யார்? ஆயக்காரர், போர்ச்சேவகர், பெயர் சொல்லப்படாத ஜனங்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டமும் கேட்கிறது. யோவான் சொல்லும் பதிலில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. குறித்த வரிக்கு மேல் வாங்காதே. யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளத்தோடு திருப்தியாயிரு. வேதாகமத்தில் நமக்குக் கிடைக்கும் ஞானஸ்நான வகுப்பின் பாடத்திட்டம் இதுதான். இயேசுவும் அந்த வரிசையில்தான் வந்து நின்றார். தரங்கையில் வரிசையின் முன்னால் நின்றது அடிமைகள். அவர்களை வேலைக்கு வைத்திருந்த எசமானர்கள் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள். இரு தரப்பாரும் ஒரே ஆலயத்தில் ஒரே ஞானஸ்நானத் தொட்டியின் அருகே நின்ற அந்த நாளில் எசமானர்கள் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை எந்தப் பதிவேடும் எழுதிவைக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு 14ஆம் தேதி, தமிழ்ச் சபைக்கென்று எழுந்த சிறு ஆலயம் புதிய எருசலேம் என்ற பெயரில் பிரதிஷ்டையானது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்கு நாள்தோறும் உபதேச வகுப்பு நடந்தது. பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று லுத்தரின் சிறிய ஞானோபதேசம் வகுத்த வரிசையே பாடத்தின் முதுகெலும்பு. அந்த நூலில் லுத்தர் ஞானஸ்நானத்தை ஒரு நாள் நிகழ்ச்சியாகப் பேசவில்லை. நமக்குள் இருக்கும் பழைய ஆதாம் தினந்தோறும் மனந்திரும்புதலால் மூழ்கடிக்கப்பட வேண்டும் என்கிறார். ரோமர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் மரணமும் புது வாழ்வும் அவருக்குத் தினசரிக் காரியம். வகுப்பு முடிந்து தண்ணீர் ஊற்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள், லுத்தரன் சபையாராக இருந்தும் லுத்தரை வாசிக்காதவர்களே.

இனி சோதனைக்கு வருவோம். அது முதலில் வந்தது ஞானஸ்நானம் கொடுத்தவருக்கே. 1708இல் ஊரில் இரண்டு விவகாரங்கள் எழுந்தன. டேனியப் போர்வீரன் ஒருவனுக்கும் கிறிஸ்தவரல்லாத ஒரு பெண்ணுக்கும் பிறந்த குழந்தைக்கு யார் ஞானஸ்நானம் கொடுப்பது, எந்தச் சபையில் வளர்ப்பது என்பது ஒன்று. இறந்துபோன நாவிதர் ஒருவரின் மனைவிக்கும் டேனிய வாணிபக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளருக்கும் இடையே வந்த கடன் வழக்கு மற்றொன்று. அந்த விதவைக்காகப் பரிந்து பேசிய சீகன்பால்கை ஆளுநர் நவம்பர் மாதம் கைதுசெய்து டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதச் சிறை. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருந்தது, அவ்வளவுதான். கைதுக்குச் சில வாரம் முன்னால், அக்டோபரில், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். அந்த வேலை நின்றுபோனது. சிறைக்குள் அவர் கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியும் போதகரின் ஊழியத்தைப் பற்றியும் இரண்டு நூல்களை ஜெர்மன் மொழியில் எழுதினார். வனாந்தரத்தில் நாற்பது நாள் இருந்தவரும் வசனத்தைக் கொண்டே பிழைத்தார். சோதனைக்காரனுக்கு அவர் சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்தின் ஆறாம் எட்டாம் அதிகாரங்களிலிருந்து வந்தவை.

மூன்று சோதனைகளில் அப்பச் சோதனை எங்கள் மிஷனை விட்டதேயில்லை. ஞானஸ்நான வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அன்றாடம் உலை வைக்க முடிந்தவர்கள். நாள்தோறும் வந்து படிக்கச் சொன்னால் அவர்கள் சாப்பாட்டுக்கு எங்கே போவார்கள்? ஆகவே வகுப்பு நடக்கும் வாரங்களில் மிஷன் அவர்களுக்குப் படி கொடுத்தது. உடனே சோற்றுக்காக மதம் மாறுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. மூன்று நூற்றாண்டாக அது ஓயவுமில்லை. இதில் நான் மிஷனின் பக்கம். வயிறு காய்ந்தவனை உட்காரவைத்துப் பாடம் நடத்துவது எந்த வேதத்திலும் நியாயமில்லை. இயேசு தமக்காகக் கல்லை அப்பமாக்கவில்லையே தவிர, ஜனங்களுக்காக அப்பம் பிட்டார். ஆனால் ஆபத்து உண்மையானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படி கொடுக்கும் கையைப் பார்த்தே வளர்ந்த சபை, அந்தக் கை கடல் கடந்து போனபோது தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தை எங்கள் தலைமுறையும் பார்த்தது. அதை எழுதப் புகுந்தால் வேறு கட்டுரை.

வகுப்புக்கு வெளியே நின்று கேட்டவர்களின் கேள்விகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சீகன்பால்கும் அவருடைய உடன் மிஷனெரி கிரண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்விகள் கேட்டார்கள். வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள், அவை அங்கே அச்சாயின. அந்தத் தமிழர்கள் எழுதியதில் வேதத்தைப் பற்றிய வாதங்களும் உண்டு. ஆனால் கூர்மையாக உறுத்துவது ஒரு குற்றச்சாட்டு: உங்கள் வேதம் நல்லதாயிருக்கலாம், நீங்கள் வாழும் வாழ்க்கை நன்றாயில்லையே. குடியையும் அசுத்தத்தையும் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கடற்கரைப் பட்டணத்தில் ஐரோப்பியரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் சாட்சி அது. ஞானஸ்நானம் பெற்றவனின் சீஷத்துவத்தைச் சபைக்கு வெளியே நிற்பவன்தான் முதலில் அளக்கிறான்.

1709இல் ஞானஸ்நானம் பெற்ற கணபதி வாத்தியாரின் கதையும் இந்த இடத்துக்கு உரியது. சீகன்பால்குக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் மகன். தமிழ்ப் புலமை மிக்கவர். ஞானஸ்நானம் பெறப்போகிறார் என்று தெரிந்ததும் வீட்டாரும் உறவினரும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் பின்வாங்கவில்லை, இயேசுவின் வாழ்க்கையைத் தமிழ்ச் செய்யுளாகப் பாடிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இந்த நாட்டில் ஞானஸ்நானம் ஒருவனிடமிருந்து பிடுங்கியது பெரும்பாலும் உறவை. பந்தியில் அவனுக்கு இடமில்லை, சாவு வீட்டில் அவனுக்குத் தோள் கொடுக்க ஆளில்லை. யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படகிலேயே விட்டுப் போனார்கள் என்று மாற்கு எழுதுவதை நாம் ஒரு மூச்சில் வாசித்துவிடுகிறோம். செபெதேயுவின் வீட்டில் அன்று இரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

சிறையிலிருந்து வந்த சீகன்பால்கு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் மிகுதியாகச் செலவானது. தரங்கையிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கான ஈயத்தை, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் மூடிகளிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. காகிதத்துக்கென்று பொறையாரில் ஓர் ஆலையும் எழுந்தது. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாயின. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வந்தது. தமிழில் அச்சு அதற்கு முன்பும் இருந்தது. 1578இலேயே கொல்லத்தில் ஏசு சபையார் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டுவிட்டார்கள். ஆனால் அது ஜெபமும் உபதேசமும் அடங்கிய நூல். புதிய ஏற்பாடு முழுவதையும் இந்திய மொழி ஒன்றில் அச்சிட்டு, வாங்குகிறவன் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கலாம் என்று விட்டது தரங்கைதான். புத்தகம் ஊரைவிட்டுப் போன பிறகு யார் கையில் எப்படி வேலைசெய்யும் என்பது அச்சிட்டவர்களுக்குத் தெரியாது. அப்படி வேலைசெய்ததற்கு என் பார்வையில் முதல் சாட்சி ராஜநாயக்கன்.

அவர் பறையர் குலத்தவர். ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை அரசரின் படையில் சேவகராயிருந்தவர். 1720களின் நடுவில் ஒரு பண்டாரத்திடம் இருந்த தரங்கை அச்சுப் புத்தகம், சுவிசேஷங்களும் நடபடிகளும் சேர்ந்தது, அவர் கண்ணில் பட்டது. ஒரு சைவப் பண்டாரத்தின் கையிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சேவகனுக்கு லுத்தரன் அச்சகப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. திட்டம் போட்டு யாரும் இப்படிச் செய்ய முடியாது. ராஜநாயக்கன் அதைக் கேட்டு வாங்கி வாசித்தார், தோழர்களையும் கூட்டி வாசிக்கச் செய்தார். பிறகு தரங்கைக்குச் சொல்லியனுப்பினார், நேரிலும் வந்தார். அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க அவசியமில்லை, குழந்தையிலேயே பெற்றிருந்தார். அவர் பெறாமலிருந்தது ஞானஸ்நானத்துக்குப் பிந்திய வகுப்பு. அதைத் தாமே நடத்திக்கொண்டார். படைச் சேவகத்தை விட்டுவிட்டுத் தஞ்சைச் சீமையில் உபதேசியாராக ஊர் ஊராகப் போனார். பழைய சபையார் பகைத்தார்கள். வீடு புகுந்து தாக்குமளவுக்கு அந்தப் பகை போனது. அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. யோர்தான் கரையில் யோவானிடம் கேள்வி கேட்ட போர்ச்சேவகர்களுக்குச் சம்பளத்தோடு திருப்தியாயிரு என்ற பதில் போதுமானதாயிருந்தது. இந்தச் சேவகர் சம்பளத்தையே விட்டுவிட்டார்.

இதற்கிடையில் தரங்கையில் முறையான பயிற்சிக்கும் வழி பிறந்தது. ஐரோப்பா போய்த் திரும்பிய சீகன்பால்கு 1716 அக்டோபரில் எட்டு மாணவர்களோடு ஒரு குருமடத்தைத் தொடங்கினார். உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் இந்த மண்ணிலேயே ஆயத்தப்படுத்துவது அதன் நோக்கம். 1718 அக்டோபர் 11ஆம் தேதி, இன்று ராஜா வீதியில் நாம் பார்க்கும் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையானது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி சீகன்பால்கு இறந்தார். அந்த ஆலயத்திலேயே அவருக்குக் கல்லறை. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை பெயர்த்திருந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனெரி பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

ஆலயம் பிரதிஷ்டையாவதற்கு இரண்டு மாதம் முன்னால் சீகன்பால்கின் கையால் ஞானஸ்நானம் பெற்றவர் கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம் பிள்ளை. ஆரோன் என்று பெயர் பெற்றார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பதினைந்து ஆண்டுகள் உழைத்த பிறகு, 1733 டிசம்பர் 28ஆம் தேதி, அவர் குருத்துவ அபிஷேகம் பெற்றார். புராட்டஸ்டண்டு திருச்சபையில் அபிஷேகம் பெற்ற முதல் இந்தியக் குரு அவர். மாயவரம் பகுதிச் சபைகளை 1745இல் சாகும்வரை கவனித்துக்கொண்டார். ஆரோனைப் பற்றி மலர்கள்தோறும் எழுதியிருக்கிறோம், எழுதுவது தகும்.

ஆரோனுக்கு அடுத்த குரு யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் அடிபட்டது. வேதம் அறிந்தவர், அடி தாங்கியவர், ஊழியத்தில் பலன் கண்டவர். தகுதியில் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள், அதனால் திருவிருந்தின் மதிப்பே குறையும் என்று மிஷனெரிகள் கருதினார்கள். 1741இல் தியோகு என்ற மற்றோர் உபதேசியார் அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கன் வாழ்நாள் முழுக்க உபதேசியாராகவே இருந்தார்.

மத்தேயுவின் நான்காம் அதிகாரத்தில் நான் அடிக்கடி நின்றுவிடும் ஓர் இடம் உண்டு. இரண்டாம் சோதனையில் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதிக்கச் சொல்லும்போது, சோதனைக்காரன் வசனம் சொல்கிறான். 91ஆம் சங்கீதம். தப்பாகவும் சொல்லவில்லை, தூதர்கள் தாங்குவார்கள் என்று சங்கீதத்தில் இருப்பதைத்தான் சொல்கிறான். வேதம் தெரிந்தவனை வேதத்தைக் கொண்டே விழவைக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். தரங்கையில் நடந்ததும் அதுவே. ராஜநாயக்கனை விலக்கியவர்கள் சாதிக்காகப் பேசவில்லை, திருவிருந்தின் பரிசுத்தத்துக்காகவே பேசினார்கள். சபையின் ஒற்றுமை, பலவீனரின் மனச்சாட்சி, காலம் வரட்டும் என்ற பொறுமை எல்லாவற்றுக்கும் நிருபங்களில் வசனம் கிடைக்கும். கலாத்தியர் மூன்றாம் அதிகாரமும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. அவர்களே அச்சிட்ட புத்தகம். எங்கள் மிஷனின் மிகப் பெரிய தோல்வி எது என்று என்னைக் கேட்டால், ஆளுநரையோ புயலையோ பணத் தட்டுப்பாட்டையோ சொல்ல மாட்டேன். 1741ஐச் சொல்வேன். அந்தத் தோல்வி அன்றோடு முடியவுமில்லை. சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் ஆலயத்துக்குள்ளேயே நீடித்தது. 1833இல் ஆங்கிலிக்கன் அத்தியட்சர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையில் அடியோடு விட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சையிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் எத்தனையோ குடும்பங்கள் சபையை விட்டே வெளியேறின. ஞானஸ்நானத்தை விட்டாலும் சாதியை விடமாட்டோம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. செய்துகாட்டினார்கள்.

ராஜ்யங்களைக் காட்டிய மூன்றாம் சோதனையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். டேனிய அரசரின் பெயரெழுத்து முத்திரை, மேலே கிரீடம், ஆண்டு. அவர் பணம் கொடுத்தார், பெயர் போட்டார்கள், நன்றி மறக்கக்கூடாது. ஆனாலும் புதிய எருசலேம் என்ற பெயரைத் தாங்கிய நகரத்தின் நுழைவாயிலில் எந்த ராஜாவின் கிரீடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி ஆலயத்துக்குள் நுழையும்போதெல்லாம் எழுகிறது. 1845இல் டேனியர் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். முத்திரை மட்டும் நிற்கிறது.

ஞானஸ்நானத்தை அவசரமாகக் கொடுக்காமல் தள்ளிப்போட்டதற்கும் எங்கள் மரபில் ஒரு சிறந்த உதாரணம் உண்டு. தரங்கைக்கு 1750இல் வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயரிடம் மராத்தியப் பிராமண விதவை ஒருவர் ஞானஸ்நானம் கேட்டார். அவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல், பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயர். மறுக்கப்பட்டவர் மனம் கசந்து போய்விடவில்லை என்பதுதான் இதில் அருமை. காத்திருந்த ஆண்டுகளிலும் தாம் அறிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1780இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். முதல் பெயர் அவருடையது. பிற்பாடு அடர்ந்து பெருகிய திருநெல்வேலித் திருச்சபைக்கு அந்த நாற்பது பெயர்களே வித்து. 1785இல் பிரதிஷ்டையான அவருடைய ஆலயம் இன்றும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. அந்தப் பெண்ணுக்கு மறுத்த கண்டிப்பை, அவரோடு வாழ்ந்த அதிகாரியிடமோ அவரைப் போன்ற மற்ற ஆங்கிலக் கம்பெனி அதிகாரிகளிடமோ அதே அளவில் யாரும் காட்டியதாகத் தெரியவில்லை.

பிந்திய வரலாறு பலரும் எழுதியது, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லைப்சிக் மிஷன் பொறுப்பேற்றது. முதல் உலகப் போரில் ஜெர்மானிய மிஷனெரிகள் வெளியேற நேர்ந்தது; சுவீடன் மிஷன் கைகொடுத்தது. 1919 ஜனவரி 14ஆம் தேதி தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சொந்தக் காலில் எழுந்தது. 1927இல் தரங்கையில் தொடங்கிய குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரி சில ஆண்டுகளில் சென்னைக்குப் போனது. இன்று பல திருச்சபைகளின் மாணவர்கள் அங்கே வேதம் படிக்கிறார்கள். 1956இல் ராஜா மாணிக்கம் தரங்கைப் பேராயரானார், அந்தப் பீடத்தில் அமர்ந்த முதல் இந்தியர். 1716இன் எட்டு மாணவர்களிலிருந்து இங்கே வந்து சேர இருநூற்று நாற்பது ஆண்டு பிடித்திருக்கிறது.

இப்போது நம் சபைகளைப் பார்ப்போம். குழந்தை பிறந்த சில மாதத்தில் ஞானஸ்நானம். ஞானப்பெற்றோர், வெள்ளைச் சட்டை, பந்தி, கூட்டமாக எடுத்த புகைப்படம். பதின்வயதில் திடப்படுத்தல் வகுப்பு. ஞானோபதேசத்தை ஒப்பித்தால் போதும். ஆலயத்தில் வரிசையாக நிறுத்தி ஆயர் கைவைத்து ஜெபிக்கிறார், அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் காணோம். படிப்பு, வேலை, வெளியூர். வாழ்க்கையில் சோதனை தொடங்குவது சரியாக அந்த வயதில்தான். சம்பளத்துக்குள் வாழ்வதா, லஞ்சம் வாங்குவதா. வரன் பார்க்கும்போது சாதி கேட்பதா, வேண்டாமா. கடனை எப்படி அடைப்பது. யோவானிடம் யோர்தான் கரையில் கேட்ட கேள்விகள் இவைதான். இவற்றைப் பற்றிச் சபையில் ஒரு வகுப்பும் இல்லை. நம் மூத்தோர் ஞானஸ்நானத்துக்கு முன்னால் நாள்தோறும் வகுப்பு நடத்தினார்கள். நாம் ஞானஸ்நானத்துக்குப் பின்னால் வாரம் ஒரு வகுப்பாவது நடத்தக்கூடாதா? மத்தேயு மூன்று, நான்கு, ஐந்து அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் ஆண்டு படிக்கலாம். ஆயர்தான் நடத்த வேண்டும் என்பதில்லை. ராஜநாயக்கனுக்கு யாரும் நடத்தவில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. தரங்கை மிஷனெரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் ஓலைச்சுவடிகளும் ஹாலேயில் பத்திரமாயிருக்கின்றன. உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் போய்ப் படிக்கிறார்கள். ஆனால் உபதேசியார்கள் தமிழில் எழுதியவை நம் ஊர்களில்தான் கிடக்கின்றன. பாட்டனார் உபதேசியாராயிருந்த குடும்பங்களில் நாட்குறிப்பு, பிரசங்கக் குறிப்பு, பழைய ஞானோபதேசப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிய பெயரும் தேதியும் எனப் பரணில் ஏதாவது இருக்கும். கறையான் முந்திக்கொள்வதற்குள் எடுத்துப் பாருங்கள். உங்கள் சபை ஆயரிடமோ திருச்சபை ஆவணக் காப்பகத்திலோ காட்டி, பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கொடுங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டாலும் சரி, படம் வந்து சேர்ந்தால் போதும்.